கூடை இயந்திரம்

முதலமடை,
12.6.1977

அன்புள்ள அக்காவுக்கு,

ரத்தினசாமி எழுதுவது. அம்மா, அப்பா, நான் மூவரும் சுகம். தோப்புக்குக் காவல் இருக்கும் நாயும் சுகம். மலையேறியதும் எங்களை மறந்துவிட்ட தங்கள் சுகத்துக்கு உடனே எழுதவும். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஆனபின் தங்களிடமிருந்து இரண்டு வரிக்கு மேல் கடிதம் வந்ததில்லை. அம்மா தினமும் புலம்புகிறாள்: "அந்தப் பனியில புள்ள என்ன திங்குதோ, எங்க படுக்குதோ."

என் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். திங்கள் விடியற்காலை ரயிலேறிக் கோயமுத்தூர் போகிறேன், சனிக்கிழமை ஊர் திரும்புகிறேன். மில்களுக்குச் சம்பளக் கணக்குப் போடும் கம்ப்யூட்டர் எங்கள் ஆபீசில் இருக்கிறது. அதற்கான உத்தரவுகளைக் கார்டுகளில் ஓட்டை போட்டு, வரிசை தப்பாமல் கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஊரில் எல்லோரும் அதை மகா புத்திசாலி என்கிறார்கள். அக்கா, அப்படி ஒரு மண்டூகத்தை நான் பார்த்ததே இல்லை! அம்மாவிடம் காபி என்று ஒரு வார்த்தை சொன்னால் பாலும் சர்க்கரையும் தானே விழும். இதனிடம் டம்ளரை நிமிர்த்தி வை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சொன்னதை மட்டும் செய்யும், சொல்லாததை ஊகிக்காது. போன வாரம் ஒரு கார்டு முன்பின்னாகப் போய், ஒரே ஆளின் பெயரைக் காகிதம் தீரும்வரை அச்சடித்துத் தள்ளியது. ஆனால் எவ்வளவு திட்டினாலும் அதற்குக் கோபம் வராது. அந்த வகையில் உங்களைவிட மேல்.

தங்கள் அன்புத் தம்பி,
ரத்தினசாமி

ஆனைக்கரை,
28.6.1977

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஆசி.

நான் நலமாக இருக்கிறேன். என் காலில் ரத்தம் குடிக்கும் அட்டைப்பூச்சிகள் என்னைவிட நலமாக இருக்கின்றன. அம்மாவிடம், கம்பளி இரண்டு இருக்கிறது, சோறு மூன்று வேளையும் இருக்கிறது என்று சொல்.

பள்ளிக்கூடம் என்பது ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரை ஒட்டித் தகரம் வேய்ந்த ஒரே அறை. காய் பறிக்கப் போகும் தாய்மார்கள் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளைக் காலையில் விட்டுப் போகிறார்கள். கொஞ்ச நேரத்தில் பாதிப் பேர் ஜன்னல் வழியாக ஓடிவிடுகிறார்கள். ஸ்டோரில் இடம் போதவில்லையாம். மேனேஜர் அமிர்தநாதன் வந்த அன்றே சொல்லிவிட்டார்: "பிள்ளைக ஒழுங்கா வந்தா ரூம் உங்களுக்கு டீச்சர். வரலைன்னா வருசக் கடைசியில ஏலக்காய்க்கு." ஏலக்காயிடம் தோற்க நான் இவ்வளவு தூரம் வரவில்லை.

உன் மண்டூகத்தைப் பற்றிப் படித்து வயிறு நோகச் சிரித்தேன். மறுநாளே அதை வகுப்புக்குள் கொண்டுவந்துவிட்டேன். காய் பறிக்கும் கூடை ஒன்றைக் கத்தரீனாள் தலையில் கவிழ்த்தேன். காய் பறிப்பவள் ஒருத்தியின் மகள், துறுதுறுப்பான பெண். கூடை தோள்வரை மூடிக்கொண்டது. "இவ இனிமேல் கத்தரீனாள் இல்லை, மெஷின். கண் தெரியாது. சொன்னதை மட்டும் செய்வாள். வாசலில் கிடக்கும் கட்டையை எடுத்து மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள்" என்றேன். "ஏய், கட்டைய எடுத்தா!" என்று கத்தினார்கள். மெஷின் அசையவில்லை. "எடுத்தா தாயே" என்று ஒருவன் கெஞ்சினான். அப்போதும் அசையவில்லை. "நடடி!" என்றதும் நடந்து சுவரில் முட்டினாள். முட்டிய பிறகும் காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டே இருந்தாள். நில் என்று யாரும் சொல்லவில்லையே! பிறவி மெஷின். அன்று ஜன்னல் வழியாக ஒருவரும் ஓடவில்லை.

இன்னும் என்னென்ன சொல்லிக் கொடுக்கலாம் என்று எழுது.

அன்புடன்,
கமலாத்தாள்

முதலமடை,
10.7.1977

அன்புள்ள அக்காவுக்கு,

யாவரும் நலம். அப்பாவுக்கு மட்டும் முழங்கால் வலி. தாங்கள் அனுப்பிய ஏலக்காயை அம்மா டப்பாவில் பூட்டி வைத்து, திறந்து திறந்து மோந்து பார்க்கிறாள்.

தங்கள் விளையாட்டைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை வைத்து ஆடிப் பார்த்தேன். மெஷின் நானேதான், தலையில் மாங்காய்க் கூடை. பிள்ளைகள், "அண்ணா, திரும்புங்க, ரண்டு அடி போங்க, குனியுங்க" என்கிறார்கள். மெஷினுக்கு என்னத்துக்கு மரியாதை என்று கேட்டேன். அடுப்படியிலிருந்து அம்மா, "மெசினா இருந்தா என்ன, ஆராயிருந்தாலும் மருவாதியாத்தான் சொல்லோணும். நீங்க சொல்லுங்க கண்ணு" என்றுவிட்டாள். அப்பாவையும் ஒரு உத்தரவு சொல்லச் சொன்னோம். "எந்திரிடா" என்றார். எழுந்தேன். அத்தோடு திருப்தியாகிப் போய்விட்டார்.

அடி அடியாக எண்ணிச் சொன்னால் பிள்ளைகள் சலித்துவிடுவார்கள். "சுவரில் கை படும் வரைக்கும் நட" என்று சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். அறை சின்னதோ பெரிதோ, ஒரே உத்தரவில் முடியும். எங்கள் மெஷினுக்கு இந்த "வரைக்கும்" தெரியாவிட்டால் நாங்கள் எல்லோரும் ஓட்டை போட்டே செத்திருப்போம்.

அன்புத் தம்பி,
ரத்தினசாமி

ஆனைக்கரை,
2.8.1977

அன்புத் தம்பிக்கு,

சளி விட்டுவிட்டது, சுகமாக இருக்கிறேன். அப்பாவை முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கச் சொல்.

உன் "வரைக்கும்" இங்கே படாத பாடு படுகிறது. ஒரு குட்டி, "மழ விடுற வரைக்கும் குதி" என்று மெஷினுக்குச் சொல்லிவிட்டது. ஆனைக்கரையில் ஆடி மழை எங்கே விடுகிறது? குதித்தவன் விழுவதற்குள் ஓடிப்போய்க் கூடையைத் தூக்கினேன். அப்புறம் அவர்களே பேசி, "மழ விடுற வரைக்கும், இல்லாட்டி கால் வலிக்கிற வரைக்கும்" என்று திருத்திக்கொண்டார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லித்தரவில்லை. பெருமையில் அன்று இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஆனால் ஒரு சிக்கல். இங்கே கண்காணி பெரியமுத்து என்று ஒருவர். தினமும் காலையில் பேர் கூப்பிட்டு, யார் எந்தக் காட்டுக்கு வேலைக்குப் போவது என்று பிரிக்கிறவர். அவர் முகம் சுளித்தால் அன்று வேலை கிடையாது. அவருடைய மகள் வெள்ளைத்தாயும் என் வகுப்புதான். நேற்று அவள் முறை வந்தது. ஆசையாகக் கூடையைப் போட்டுக்கொண்டு நின்றாள். ஒரு பிள்ளை வாய் திறக்கவில்லை. நான் அதட்டினேன். கடைசியில் கத்தரீனாள் எழுந்து போய், தானே கட்டையை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, "டீச்சர், வெள்ளைத்தாய் வச்சிட்டா" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் கூடைக்குள் விசும்பல் கேட்டது. "எனக்கு மட்டும் ஒருத்தரும் ஒண்ணும் சொல்லமாட்டேங்கிறாக" என்று அழுதாள், தம்பி. என்ன செய்யட்டும்?

கமலாத்தாள்

முதலமடை,
21.8.1977

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். தாங்கள் கேட்டதற்கு எங்கள் ஆபீசிலேயே பதில் இருக்கிறது.

மெஷினுக்கு உத்தரவு போட்டது யார் என்று தெரியாது. முதலாளி போட்டாலும் நான் போட்டாலும் ஓட்டை ஓட்டைதான். அதையே செய்யுங்கள். கழித்துப்போட்ட கார்டுகள் ஒரு கட்டு பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பின்பக்கம் அம்புக்குறி வரையுங்கள். நேரே நடக்க ஒன்று, திரும்ப ஒன்று, குனிய, எடுக்க, வைக்க ஒவ்வொன்று. பிள்ளைகள் மூலையில் கூடிப் பேசிக் கார்டுகளை வரிசையாக அடுக்கிப் பெட்டியில் போடட்டும். தாங்கள் ஒவ்வொன்றாக எடுத்துப் படியுங்கள். எது யார் வைத்தது என்று வெள்ளைத்தாய்க்கும் தெரியாது, அவளுடைய அப்பாவுக்கும் தெரியாது.

அன்புத் தம்பி,
ரத்தினசாமி

ஆனைக்கரை,
19.9.1977

அன்புத் தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்.

கார்டு வந்த நாளிலிருந்து பிள்ளைகளுக்குப் பயம் போய்விட்டது. வெள்ளைத்தாயைச் சுற்றவிட்டார்கள், குனியவிட்டார்கள், மேசையைச் சுற்றி வரவிட்டார்கள். கூடைக்குள் அவள் சிரித்த சிரிப்பில் கூடையே குலுங்கியது. வரிசை தப்பினால் யாரும் யாரையும் திட்டுவதில்லை. எந்தக் கார்டு தப்பு என்று தேடுகிறார்கள். அழுமூஞ்சி ஒருவன்கூட, "நான் தப்பில்ல, கார்டுதான் தப்பு" என்று நிமிர்ந்து நிற்கிறான். இந்த அறையில் நான் ஜெயித்துவிட்டேன் என்று தைரியமாக எழுதலாம்.

எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் கார்டைப் படித்துச் சொல்லும் வேலையைக் கத்தரீனாளிடம் கொடுத்திருக்கிறேன். நேற்று அவள் படிக்க, வெள்ளைத்தாய் குனிந்து நிமிர, பெரியமுத்து ஜன்னலோரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

அம்மாவிடம் புளிக்காய்ச்சல் கேட்டதாகச் சொல்.

கமலாத்தாள்

முதலமடை,
16.10.1977

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். புளிக்காய்ச்சலும் இன்னொரு கட்டுக் கார்டும் அனுப்பியது வந்ததா? பதிலே இல்லை. பிள்ளைகள் இப்போது என்ன கண்டுபிடித்திருக்கிறார்கள்? எங்கள் ஆபீசில் தங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறேன். ஆவலாகக் காத்திருக்கிறார்கள்.

தீபாவளிக்குக் கட்டாயம் வரவும்.

ரத்தினசாமி

ஆனைக்கரை,
4.11.1977

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். பார்சல் வந்தது. புளிக்காய்ச்சல் நன்றாக இருந்தது. இங்கே காய் பறிப்பு மும்முரம், ஸ்டோரில் ராப்பகலாக அடுப்பு எரிகிறது. தீபாவளிக்கு வர முடியாது. கார்டு இப்போதைக்கு அனுப்ப வேண்டாம், இருப்பதே போதும்.

அப்பா முழங்கால் எப்படி?

கமலாத்தாள்

முதலமடை,
27.11.1977

அக்காவுக்கு,

முழங்கால் இருக்கட்டும். பாலக்காட்டில் மளிகைக்கடை வைத்திருக்கும் முகம்மது குட்டி ஏலக்காய் வாங்கக் குமுளிப் பக்கம் வந்தவர், தங்களைப் பார்க்க ஆனைக்கரைக்கும் வந்திருக்கிறார். நேற்று ரயிலில் என்னைப் பிடித்துக்கொண்டார். "உங்க அக்கா ஒத்தையில உக்காந்து கார்டுல அம்பு வரைஞ்சிட்டிருக்காங்க தம்பி. ரூம்புல ஒரு புள்ளயக் காணோம்" என்றார். வாசலில் நின்று பார்த்துவிட்டுத் தங்களிடம் பேசாமலே திரும்பிவிட்டாராம், சங்கடமாக இருந்ததாம்.

ஏன் எழுதவில்லை? நான் என்ன அந்நியனா? எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வருகிறது. அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "பொட்டியக் கட்டிக்கிட்டு வரச் சொல்லு. நம்மூட்டுல சோத்துக்கா பஞ்சம்?" என்கிறார். வருகிற சனிக்கிழமை நானே வந்து கூட்டி வருகிறேன்.

ரத்தினசாமி

ஆனைக்கரை,
1.12.1977

அன்புத் தம்பிக்கு,

உடம்பு நலம். மனமும் நலம்தான், நம்பு. நீ வராதே. வந்தால் அடுத்த பஸ்ஸில் திருப்பி அனுப்புவேன்.

ஜெயித்துவிட்டேன் என்று உனக்கு எழுதிய கையால், அறை காலி என்று எழுத வெட்கமாக இருந்தது. இப்போது முழுக்கச் சொல்கிறேன். பெரியமுத்து ஜன்னலில் பார்த்ததற்கு மறுநாள் உள்ளே வந்தார். "பறிக்கிறவ மக சொல்லுவா, எம்மக குனியணும், நிமிரணும். இதுக்குப் பேரு படிப்பா டீச்சர்?" என்று கேட்டு, வெள்ளைத்தாயைக் கையைப் பிடித்து இழுத்துப் போனார். அடுத்த நாள் காலைப் பெரட்டில், வேலைக்கு எல்லோரும் வரிசையாக நிற்கும்போது, "எந்தெந்தப் பிள்ளை அங்க போகுதுன்னு நானும் பாக்கேன்" என்று மட்டும் சொன்னாராம். அவ்வளவுதான். வேலை அவர் கையில் இருக்கிறது. அந்த ஏழைத் தாய்மார்களை நான் எப்படிக் குற்றம் சொல்வேன்?

அமிர்தநாதன் நல்லவர். "விளையாட்ட நிறுத்திட்டேன்னு கண்காணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நாளைக்கே அம்புட்டுப் பிள்ளையும் வரும். இல்லாட்டி வருசக் கடைசியில நான் ரூமை எடுத்துத்தான் ஆகணும்" என்கிறார். நான் சொல்லப்போவதில்லை. சொன்னால், கட்டையைத் தானே எடுத்து வைத்துவிட்டு "வெள்ளைத்தாய் வச்சிட்டா" என்றாளே கத்தரீனாள், அவள் செய்ததுதான் சரி என்று நானே கையெழுத்துப் போட்டதாகும்.

வழி இருக்கிறது. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கமலாத்தாள்

முதலமடை,
11.12.1977

அன்புள்ள அக்காவுக்கு,

தாங்கள் தடுத்ததால் வரவில்லை. அம்மா சாப்பிடாமல் இருக்கிறாள், மற்றபடி சுகம்.

எனக்குத் தோன்றியதை மறைக்காமல் எழுதுகிறேன். விட்டுக்கொடுங்கள். கூடையும் கார்டும் கொஞ்ச நாள் பரணில் இருக்கட்டும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு அ, ஆ சொல்லிக்கொடுங்கள். அறை போய்விட்டால் விளையாட்டும் இல்லை, அ, ஆவும் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு எது நல்லது? தப்பாக எழுதியிருந்தால் மன்னிக்கவும்.

அன்புத் தம்பி,
ரத்தினசாமி

ஆனைக்கரை,
20.1.1978

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஆசியும் பொங்கல் வாழ்த்தும்.

தாமதமாக எழுதுகிறேன். நடந்து முடியட்டும் என்று இருந்தேன். அம்மாவை முதலில் சாப்பிடச் சொல், அப்புறம் இதைப் படித்துக் காட்டு.

நீ எழுதியது தப்பில்லை. இரண்டு நாள் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுத்தேன். ஆனால் எனக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. கிறிஸ்துமஸ் கழிந்த மறுநாள் விடியலில் பெரட்டுக்குப் போனேன். ஆண்களும் பெண்களும் வரிசையில் நின்றார்கள். நேராகப் பெரியமுத்து முன்னால் போய், கூடையை எடுத்து என் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். "இன்னைக்கு மெஷின் நான். யார் உத்தரவு சொன்னாலும் செய்வேன். கண்காணியார் சொல்லுங்க. தண்ணீர்த் தொட்டிமேல் இருக்கும் செம்பை நான் எடுத்து வரணும்" என்றேன். டீச்சருக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

"போயி அந்தச் செம்ப எடுங்க டீச்சர்" என்றார். நின்றேன். இன்னும் சத்தமாகச் சொன்னார். நின்றேன். பெண்கள் வரிசையில் களுக்கென்று ஒரு சிரிப்பு. அவருக்குக் கோபம் ஏறுவது குரலில் தெரிந்தது. அப்போதுதான் அவரோடு பெரட்டுக்கு வந்திருந்த வெள்ளைத்தாய், "அப்பா, அதுக்குக் கண்ணு இல்ல. எந்தப் பக்கம் திரும்பணும், எம்புட்டு நடக்கணும்னு சொல்லணும்" என்றாள்.

"நடங்க" என்றார். நடந்தேன். நிறுத்தச் சொல்லவில்லை, நான் நிற்கவில்லை. காலடியில் தரை சரிந்தது. பள்ளத்து ஏலச்செடிகளுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. "அய்யய்யோ, நில்லுங்க! டீச்சர், நில்லுங்க!" என்று அவர் அலறினார். நின்றேன், முழங்கால்வரை சேறு. அதற்குப் பிறகு மனுஷன் விடவில்லை, தம்பி. திருப்பினார், பின்னால் வரச் சொன்னார், தொட்டியில் முட்டவைத்தார், தலையில் அடித்துக்கொண்டாராம், மகளிடம் யோசனை கேட்டார். செம்பு என் கைக்கு வந்தபோது பெரட்டே கைதட்டியது. அமிர்தநாதன், "வேலை கெட்டது" என்று முணுமுணுத்தார்.

கூடையை எடுத்தபோது பெரியமுத்து துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "வேலையாள்கிட்டச் சொல்றது லேசு டீச்சர். பாதிய அவுகளே புரிஞ்சுக்கிடுவாக" என்றார். பிறகு தன் வரிசையைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் பிள்ளைகள் வந்துவிட்டார்கள், கண்காணி தடுக்கவில்லை. அறையை அளக்க வந்த ஆளை அமிர்தநாதன் திருப்பி அனுப்பிவிட்டார். அறை நம்முடையது. ஆனால் வெள்ளைத்தாய் வரவில்லை. பெரியமுத்து வந்து, "எம்மக உத்தரவு சொல்லட்டும். கூடை மட்டும் வேணாம்" என்றார். கூடை எல்லோர் தலைக்கும் உண்டு, அன்றைக்கு என் தலைக்கும் வந்தது என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதோடு அவள் வரமாட்டாள் என்றே நினைத்தேன்.

பொங்கல் கழிந்து முந்தாநாள் வந்தாள். பின்னால் பெரியமுத்து, உள்ளே வராமல் வாசலில் நின்றார். அவள் யாரையும் கேட்கவில்லை. நேரே மூலைக்குப் போய்க் கூடையை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அறை நடுவில் நின்று, "சொல்லுங்க" என்றாள்.

வாசலில் அப்பன் நிற்கிறான். எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? பெட்டியை எடுத்து நடுவில் வைத்தேன். கத்தரீனாள் கார்டுகளைக் கையில் எடுத்தாள், கொஞ்சம் பார்த்தாள், திரும்பப் பெட்டிக்குள் போட்டுவிட்டாள். பிறகு பெரியமுத்துவைப் பார்த்துக்கொண்டே, உதடு மட்டும் அசைய, "முன்னால ஒரு அடி வையி" என்றாள். வெள்ளைத்தாய் அசையவில்லை.

வாசலிலிருந்து பெரியமுத்து சொன்னார்:

"சத்தமாச் சொல்லு புள்ள. கூடைக்குள்ள இருக்கவளுக்கு எப்படிக் கேக்கும்?"

கத்தரீனாள் இரண்டாம் தடவை சொன்னது ஸ்டோர்வரைக்கும் கேட்டிருக்கும்.

அன்புடன் உன் அக்கா,
கமலாத்தாள்